கடலோர இயற்கைப் பூங்காவில் நடைபாதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலைப்பாதையில் போன வழியே திரும்பி வந்துவிடலாம். கடலோரத்தில் அந்த உறுதி கிடையாது. காலையில் நடந்த மணல் பிற்பகலில் இடுப்பளவு நீருக்கடியில் இருக்கலாம். முழங்காலளவு நீரில் கடந்த கழி (கடல்நீர் உள்ளே வந்து போகும் ஓடை), திரும்பும்போது ஆளையே இழுக்கலாம். ஆகவே இங்கே எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பதே முதல் கணக்கு. கீழுள்ள பதில்களில் பல இதிலிருந்து கிளைத்தவைதான்.

எந்த நேரத்தில் கிளம்புவது நல்லது?

பாதை முழுக்கக் கரைமேட்டின் மேலேயே போகிறதென்றால் வெயிலை மட்டும் பார்த்தால் போதும். வழியில் மணற்கரை, பாறைத்தட்டு, முகத்துவாரம் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும், அந்த இடத்துக்கு நீர் வற்றியிருக்கும் நேரத்தில் போய்ச் சேரும்படி கிளம்ப வேண்டும். முழு வற்றத்துக்கு (நீர் மிகத் தாழ்ந்திருக்கும் நேரத்துக்கு) 2 மணி நேரம் முன்பே மணலில் இறங்கிவிடுவது பொதுவாகப் பாதுகாப்பானது.

நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது கணக்குத் தப்பினால், உட்கார்ந்து காத்திருந்தால் வழி தானாகத் திறக்கும். ஏறிக்கொண்டிருக்கும்போது அதே தப்பு நிமிடத்துக்கு நிமிடம் வளரும். போய்த் திரும்பும் நடை என்றால், எந்த இடத்தை எட்டினாலும் எட்டாவிட்டாலும் முழு வற்ற நேரத்தில் திரும்பிவிடுவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். "அந்த முனைவரை மட்டும் போய்ப் பார்த்துவிடலாம்" என்று இழுக்கும் கால் மணி நேரம்தான் ஆட்களைச் சிக்க வைக்கிறது.

ஓத அட்டவணையை எப்படிப் படிப்பது?

ஓத அட்டவணை என்பது கடல் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியல். பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் நேற்று காலை 7 மணிக்கு இருந்த வற்றம் இன்று 7.50 வாக்கில் வரும். நாளுக்கு ஒரே ஒரு முறை ஏறி இறங்கும் கரைகளும் உண்டு. ஆகவே நீங்கள் போகும் இடத்துக்கான அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். அடுத்த துறைமுகத்துக்கு உரியது என்றால் எத்தனை நிமிடம் கூட்டவோ கழிக்கவோ வேண்டும் என்பதையும் பாருங்கள்.

அட்டவணையில் நேரத்தோடு உயரமும் மீட்டரில் இருக்கும். பலர் நேரத்தை மட்டும் படித்துவிட்டு உயரத்தை விட்டுவிடுகிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி (பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்து) ஏற்றம் மிக உயரமாகவும் வற்றம் மிகத் தாழ்வாகவும் இருக்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் இந்த வேறுபாடு இன்னும் கூடும். அட்டமியை ஒட்டிய நாட்களில் வேறுபாடு குறைவு; அப்போது வற்ற நேரத்தில்கூடச் சில பாறைமுனைகளைச் சுற்ற வழி திறக்காமல் போகலாம்.

நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. ஏறும் 6 மணி நேரத்தை எடுத்துக்கொண்டால், மொத்த ஏற்றத்தை 12 பங்காக்கி மணிக்கு 1, 2, 3, 3, 2, 1 பங்கு என்று கணக்கிடுவது மாலுமிகளின் வழக்கம். வேறுபாடு 3.6 மீட்டர் என்றால் முதல் மணியில் 30 செ.மீ.தான் ஏறும், மூன்றாம் மணியில் 90 செ.மீ., நான்காம் மணியில் இன்னொரு 90 செ.மீ. முதல் மணி நேரத்தைப் பார்த்து "மெதுவாகத்தானே வருகிறது" என்று நினைப்பது இதனால்தான் ஆபத்து. கரை 100 மீட்டருக்கு 1 மீட்டர் சாய்வானால், 90 செ.மீ. ஏற்றம் என்பது நீர்விளிம்பு ஒரு மணி நேரத்தில் 90 மீட்டர் உள்ளே வருவது. 500 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற தட்டையான சேற்றுவெளியில் அதே ஏற்றம் 450 மீட்டரை விழுங்கும்.

இடத்துக்கு இடம் இது பெரிதும் மாறும். மத்தியதரைக் கடலின் பெரும்பாலான கரைகளில் வேறுபாடு அரை மீட்டருக்கும் குறைவு. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை போகும்.

அட்டவணை சொன்னதைவிட நீர் மேலே வந்திருக்கிறதே, ஏன்?

அட்டவணை சூரியன், சந்திரன் இவற்றின் இழுப்பை மட்டும் கணக்கிடுகிறது. வானிலை அதில் இல்லை. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ 1 செ.மீ. உயரும், வலுவான தாழ்வழுத்தம் நெருங்கும்போது இதனாலேயே 20, 30 செ.மீ. கூடிவிடும். கடலிலிருந்து கரை நோக்கித் தொடர்ந்து வீசும் காற்று நீரைத் தள்ளிக் குவிக்கும். மழைக்குப் பின் முகத்துவாரங்களில் ஆற்றுநீரும் சேரும். இவை எல்லாவற்றுக்கும் மேலே அலையின் உயரம் தனி. காற்றும் அலையும் உள்ள நாளில், அட்டவணைப்படி சற்றே திறந்திருக்கும் இடத்தை மூடியிருக்கும் இடமாகவே எண்ணுங்கள்.

ஒரு நாளில் எத்தனை கி.மீ. நடக்கலாம்?

கெட்டித் தரையில் மணிக்கு 4, 5 கி.மீ. நடப்பவர் உலர்ந்த மணலில் 2, 2.5 கி.மீ.க்கு மேல் போவது கடினம். கால் புதைந்து நகரும் ஒவ்வோர் அடியிலும் உழைப்பில் ஒரு பகுதி மணலை நகர்த்தவே போய்விடுகிறது. மென்மணலில் நடக்க கெட்டித் தரையைவிட இரு மடங்குக்கும் மேல் ஆற்றல் செலவாகும். வரைபடத்தில் 12 கி.மீ. என்று இருந்தால், அதில் எத்தனை கி.மீ. மணல் என்று பிரித்துப் பாருங்கள்.

மணலிலும் நல்ல இடம் உண்டு. அலை வந்து திரும்பியபின் ஈரம் உள்ளிறங்கி மங்கலாகத் தெரியும் பட்டைதான் கெட்டி. கண்ணாடிபோல் மின்னும் இடத்தில் மணல்துகள்களுக்கு நடுவே நீர் நிறைந்திருக்கும், கால் புதையும். கரை கடலை நோக்கிச் சாய்ந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்வில் இருக்கும்; 5, 6 கி.மீ. ஒரே திசையில் நடந்தால் இடுப்பும் தாழ்வான பக்கத்துக் கணுக்காலும் வலிக்கும். நடுநடுவே சமமான மேல்மணலுக்கு ஏறி நடப்பது இதைக் குறைக்கும்.

எந்தக் காலணி?

ஒரே காலணி எல்லாவற்றுக்கும் ஒத்துவராது. மணலும் பலகைப் பாதையும் மட்டும் என்றால் பின்பட்டை உள்ள செருப்பு போதும். பாறை இருந்தால் விரல் மூடிய, ஆழமான பிடிப்புள்ள ஷூ. சேற்றில் தளர்வான காலணி எதுவும் நிற்காது, சேறு உறிஞ்சிக்கொள்ளும். நாடா கட்டிய பழைய ஷூவே மேல். நீர்புகா ஷூ கடலோரத்தில் பெரிய உதவி இல்லை: உள்ளே ஒருமுறை நீர் புகுந்தால் வெளியேறாது. வலைத்துணி உள்ளது வேகமாகக் காயும்.

வெறுங்காலில் நடக்கும் ஆசை இயல்பு. நடுப்பகல் உலர்மணலும் உடைந்த கிளிஞ்சலும் மீன்தூண்டில் முள்ளும் அதற்கு இடம் தராது. நடந்து முடிந்ததும் காலணியை நன்னீரில் அலசி நிழலில் காயவையுங்கள். உப்பு தங்கினால் தையலும் ஒட்டும் விட்டுப்போகும்.

தண்ணீர், வெயில்: எவ்வளவு எச்சரிக்கை தேவை?

மிதமான நடைக்கு மணிக்கு அரை லிட்டர். வெப்பத்திலும் மென்மணலிலும் 1 லிட்டர் வரை. கடலோரத்தில் வழியில் நிரப்பிக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள், ஊற்றும் கிணறும் பெரும்பாலும் உவர். கடற்காற்று வியர்வையை உடனே உலர்த்துவதால் உடல் நீரிழப்பது தெரியாது. சிறுநீர் அடர்மஞ்சளானால் ஏற்கெனவே குறைவாகக் குடித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. உலர்மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், அலைநுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பியடிக்கின்றன. அதனால் தொப்பி போட்டவருக்கும் தாடைக்கு அடியிலும் மூக்கின் கீழும் தோல் கன்றும். சன்ஸ்கிரீனை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசுங்கள். முழுக்கைச் சட்டை அதைவிட நம்பகமானது.

முகத்துவாரத்தையோ கழியையோ நடந்து கடக்கலாமா?

பூங்கா அனுமதித்த இடத்தில், குறிப்பிட்ட நேரத்தில் மட்டும். நியூசிலாந்தின் ஏபெல் டாஸ்மன் கடலோரப் பாதையில் அவரோவா கழியைக் கடக்க முழு வற்றத்துக்கு ஒன்றரை மணி முன்பிருந்து 2 மணி பின்புவரைதான் அனுமதி. பாலமும் இல்லை, சுற்றுவழியும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் ஆட்டர் பாதையில் நடப்பவர்கள் புளூக்ரான்ஸ் ஆற்றின் வற்ற நேரத்துக்காக இருட்டிலேயே கிளம்ப நேர்வதுண்டு. இப்படிப்பட்ட பாதைகளில் தங்குமிடத்தை முன்பதிவு செய்யும் முன்பே அந்த நாளின் வற்ற நேரத்தைப் பாருங்கள். முன்பதிவு முடிந்தபின் பார்ப்பவர்கள்தான் நேரந்தப்பி நீரில் இறங்குகிறார்கள்.

கடக்கும்போது:

- ஒடுங்கிய இடத்தைத் தேடாதீர்கள். அங்கே ஆழமும் வேகமும் அதிகம். அகலமாகப் பரந்து சலசலக்கும் இடமே ஆழம் குறைந்தது.
- பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடிய வேண்டும்.
- நீர்வரத்தைப் பார்த்தபடி, கம்பை முன்னால் ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்துங்கள்.
- வெதுவெதுப்பான கடல்களில் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நகருங்கள். மணலில் புதைந்திருக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிவிடும். மேலே மிதித்தால்தான் வாலால் குத்தும்.
- வேகமாக ஓடும் நீர் முழங்காலுக்கு மேல் வந்தால் திரும்பிவிடுங்கள்.

நீர் கடலை நோக்கி வெளியேறும் நடுநேரத்தில் கடப்பது மோசமான தேர்வு. தவறி விழுந்தவரை நீரோட்டம் நேராகக் கடலுக்கே கொண்டுபோகும்.

சேற்றுவெளியில் கால் சிக்கினால் என்ன செய்வது?

நேராக மேலே இழுக்காதீர்கள். காலடியில் வெற்றிடம் உருவாகி இன்னும் இறுகும். ஒரு காலை விடுவிக்க மற்றதை ஊன்றினால் இரண்டும் இறங்கும். பையை இறக்கிப் பக்கத்தில் போடுங்கள். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து எடையைப் பரப்புங்கள். பிறகு காலைச் சிறுசிறு அசைவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அசையும்போது நீர் உள்ளே புகுந்து சேறு இளகும். கால் வந்ததும் எழுந்து நிற்காமல், வந்த திசையிலேயே தவழ்ந்து கெட்டித் தரைக்குப் போங்கள்.

புதைமணல் ஆளை முழுதாக விழுங்காது. மனித உடல் அதைவிட அடர்த்தி குறைந்தது, இடுப்பளவில் நின்றுவிடும். கொல்வது ஏறிவரும் கடல். 5 நிமிடத்தில் விடுபட முடியாவிட்டால் உடனே அவசர உதவியை அழையுங்கள். மீட்பவர்கள் வந்துசேரும்வரையிலும் கடல் ஏறிக்கொண்டே இருக்கும்.

பரந்த வெளியில் இன்னொரு பொறி உண்டு. நீர் முன்னாலிருந்து வருவதற்கு முன்பே உங்களுக்குப் பின்னால் உள்ள பள்ளங்களில் நிறைந்துவிடும். நிற்கும் திட்டு உலர்ந்தே இருக்கும், கரைக்குப் போகும் வழி போயிருக்கும். இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில் 2004 பிப்ரவரி 5 இரவு சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் இப்படி ஏற்றத்தில் சிக்கி, குறைந்தது 21 பேர் இறந்தனர். ஐரோப்பாவின் வாடன் கடல் சேற்றுவெளியில் வழிகாட்டியோடு போவது வழக்கமாக இருப்பதும் இதனால்தான். தெரியாத சேற்றுவெளியில் வழிகாட்டி இல்லாமல் இறங்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பாறைத்தட்டில் எங்கே கால் வைப்பது?

பச்சைப் பாசி வழுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஈரமான கறுப்புப் படலம் அதைவிட மோசம், பாறையின் நிறம் என்றே கண் ஏமாறும். கொட்டலசு (பாறையில் ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிர்) படிந்த சொரசொரப்பான பாறை நல்ல பிடிப்புத் தரும். விழுந்தால் கையைக் கிழிக்கவும் செய்யும்.

பாறைக்கு இறங்கும் முன் மேலே நின்று 15, 20 நிமிடம் கடலைப் பாருங்கள். அலைகள் கூட்டங்கூட்டமாக வரும். அமைதியான பத்து நிமிடத்துக்குப் பிறகு இரண்டு மூன்று பெரிய அலைகள் சேர்ந்து வருவது சாதாரணம். அந்த நேரத்தில் எந்தப் பாறை நனைகிறதோ அதற்குக் கீழே போகக் கூடாது. உலர்ந்த பாறை என்பதாலேயே அலை எட்டாது என்று ஆகாது. கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள்.

யாரையாவது அலை இழுத்துவிட்டால் பின்னாலேயே குதிக்க வேண்டாம். மிதக்கும் எதையாவது எறியுங்கள், கண்ணை எடுக்காமல் கையால் சுட்டிக்கொண்டே உதவிக்குக் கூவுங்கள். இழுபட்டவர் பாறையை நோக்கி முட்டிமோதாமல் மல்லாந்து மிதப்பதே நல்லது.

செங்குத்தான கரையின் விளிம்பில் நிற்கலாமா?

வேண்டாம். அலை அடியில் அரித்திருப்பதால், மேலே புல் விரிந்த விளிம்பு பல இடங்களில் வெறுமையின் மேல் நிற்கிறது. தரையில் விளிம்புக்கு இணையாக வெடிப்பு தெரிந்தால், அந்த வெடிப்பிலிருந்து நிலப்பக்கமாகத் தள்ளி நடங்கள். பலத்த மழைக்குப் பிறகும், நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் மழையிலும் சரிவுகள் கூடும். அடியில் நடப்பவர்களும் பாறைச்சுவரை ஒட்டி உட்காரக் கூடாது. புதிதாக விழுந்த கற்குவியல் இருந்தால் அங்கே இன்னும் விழும்.

மணல்மேட்டில் குறுக்கே போனால் என்ன கெட்டுவிடும்?

மேட்டைப் பிடித்து வைத்திருப்பது செடிதான். அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் காற்றில் வரும் மணலை மறித்து, புதையப் புதைய மேலே வளர்ந்து மேட்டை உயர்த்துகின்றன. புயலைத் தாங்கும் இந்தச் செடிகள் மிதியைத் தாங்குவதில்லை. வளரும் நுனி ஒடிந்தால் அந்தப் பட்டை வெறும் மணலாகும், காற்று அங்கே புகுந்து குடையும், குடைவு அகன்று மேடே உடையும். அதன்பின் கடல் கொந்தளிக்கும் நாளில் உட்புறத்து நன்னீர்ப் பள்ளங்களில் உப்புநீர் ஏறும். பலர் நடந்த குறுக்குவழி ஒரே பருவத்தில் வழித்தடமாகிவிடுகிறது.

மேட்டின் மேல் போகும் பாதைகள் நேராக இல்லாமல் வளைந்து போவதற்கும் காரணம் இருக்கிறது: நேரான இடைவெளி கடற்காற்றுக்குக் குழாயாகிவிடும். வளைவு எரிச்சலூட்டினாலும் அதிலேயே நடங்கள்.

அலையாத்திக் காட்டில் பலகைப் பாதையை விட்டு ஏன் இறங்கக் கூடாது?

சேற்றுக்குள் உயிர்வளி கிடையாது. அதனால் வெண்கண்டல் போன்ற மரங்கள் விரல்விரலாக வேர்களை மேல்நோக்கி அனுப்பி, அவற்றிலுள்ள நுண்துளைகள் வழியே மூச்சு விடுகின்றன. அவற்றை மிதித்து ஒடிப்பதும், சுற்றியுள்ள சேற்றை அமுக்கி இறுக்குவதும் மரத்தின் மூச்சை அடைப்பதுதான். நடப்பவருக்கும் அது கத்திமுனை மேல் கால் வைப்பது போன்றது. ஈரமான பலகை வழுக்கும். பலகையின் நடுவை விட, கீழே தாங்குசட்டம் உள்ள ஆணி வரிசையில் கால் வைப்பது உறுதியானது.

பறவைகளிடம் எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும்?

மீட்டர் கணக்கை விட பறவையின் நடத்தையே நல்ல அளவுகோல். மேய்ந்துகொண்டிருந்தது தலை தூக்கிப் பார்த்தால் நீங்கள் எல்லையில் இருக்கிறீர்கள். கூட்டம் நடக்கத் தொடங்கினால் எல்லை கடந்தாயிற்று, பின்வாங்குங்கள்.

கரைப்பறவைகள் வற்றத்தில் மேய்ந்து ஏற்றத்தில் ஒதுங்கி ஓய்வெடுக்கும். அந்த ஓய்விடத்தில் கலைப்பதுதான் பெரிய கேடு. பட்டைவால் மூக்கன் ஒன்று 2022இல் அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியாவுக்கு 13,560 கி.மீ. தரையிறங்காமல் 11 நாளில் பறந்தது. அப்படிப்பட்ட பயணத்துக்கான கொழுப்பை அது சேற்றுவெளிகளில்தான் சேர்க்கிறது. ஒவ்வொரு வீண் பறப்பும் அதிலிருந்து செலவு.

ஆலாவும் உப்புக்கொத்தியும் கூடு கட்டாமல் வெறும் மணலில் முட்டையிடும். மணல்நிற முட்டை கண்ணுக்குத் தெரியாது. தலைக்கு மேல் கத்திப் பாய்ந்தாலோ, இறகு ஒடிந்ததுபோல் ஒரு பறவை முன்னால் இழுத்து நடந்தாலோ, அங்கே முட்டை இருக்கிறது. நின்று, காலடியைப் பார்த்து, வந்த தடத்திலேயே திரும்புங்கள். தாய் விலகிய முட்டை வெயிலில் சில நிமிடங்களில் வெந்துவிடக் கூடும்.

நாயைக் கூட்டிவரலாமா?

முட்டைப் பருவத்தில் கூடாது. மற்ற பருவங்களில் பூங்கா அனுமதித்தால் 2 மீட்டருக்குள் கட்டிய வாரில்.

இரவில் ஆமை பார்க்கப் போகலாமா?

அனுமதி பெற்ற குழுவோடு மட்டும். கரையேறும் ஆமை வெளிச்சமோ அசைவோ கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகள் ஒளிமிகுந்த அடிவானத்தை நோக்கி ஓடும் இயல்பு கொண்டவை. வெள்ளை டார்ச்சும் கைபேசித் திரையும் அவற்றைக் கடலுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துவிடும். மங்கலான சிவப்பு விளக்கை, அதுவும் தரையை நோக்கி மட்டும் பயன்படுத்துங்கள். குஞ்சுகளைத் தூக்கிக் கடலில் விடவும் வேண்டாம்.

ஜெல்லிமீன் கொட்டினால், திருக்கை குத்தினால்?

கரையில் செத்துக் கிடக்கும் ஜெல்லிமீனும் கொட்டும். கொட்டிய இடத்தைத் தேய்க்காதீர்கள். கடல்நீரால் கழுவுங்கள், நன்னீர் ஊற்றினால் மிச்சமுள்ள கொட்டுசெல்கள் வெடிக்கலாம். ஒட்டிய இழைகளை இடுக்கியால் எடுங்கள். திருக்கைக் குத்துக்கு, தாங்கக்கூடிய சூட்டில் (40 முதல் 45 டிகிரி செல்சியஸ்) வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் காலை வைத்தால் வலி தணியும். முள்முனை உள்ளே தங்கியிருக்கலாம் என்பதால் மருத்துவரைப் பார்த்தே தீர வேண்டும். மூச்சுத்திணறல், மார்பு இறுக்கம், முகவீக்கம் எது வந்தாலும் நேரே அவசர சிகிச்சைக்கு.

இடி, மூடுபனி வந்தால்?

திறந்த கரையில் உயரமான பொருள் நீங்கள்தான். இடிச் சத்தம் கேட்டதுமே மின்னல் எட்டும் தொலைவில் இருக்கிறீர்கள் என்று பொருள்; உறுதியான கட்டடத்துக்கோ மூடிய வண்டிக்கோ போங்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் வெளியே வர வேண்டாம். தனிமரமும் பறவை பார்க்கும் திறந்த கோபுரமும் ஒதுங்குமிடம் அல்ல.

மூடுபனியில் தட்டை மணலில் திசை அடியோடு தவறும். அலைச்சத்தத்தை நம்பினால் எல்லாப் பக்கமும் கடலாகக் கேட்கும். இறங்கும் முன்பே கரை எந்தத் திசை, எத்தனை டிகிரி என்று காம்பஸில் பார்த்துக்கொள்ளுங்கள். கைபேசி மின்கலம் தீர்ந்தாலும் அந்த ஓர் எண் போதும்.

சுனாமி எச்சரிக்கை கேட்காத இடத்தில் எப்படித் தெரிந்துகொள்வது?

நிற்க முடியாதபடி தரை அதிர்வது, அல்லது 20 நொடிக்கு மேல் நீடிக்கும் அதிர்வு, கடல் வழக்கத்துக்கு மாறாக விலகுவது, கடலிலிருந்து பேரிரைச்சல். ஒன்று போதும், மூன்றுக்கும் காத்திருக்க வேண்டாம். வண்டியைத் தேடாமல் நடந்தே மேட்டுக்கு ஏறுங்கள்: 30 மீட்டர் உயரம் அல்லது 3 கி.மீ. உள்நாடு என்பது இலக்கு, முடிந்தவரை போங்கள். முதல் அலையே பெரிய அலை என்று இல்லை; அடுத்தது 5 நிமிடத்திலும் வரலாம், 2 மணி நேரம் கழித்தும் வரலாம்.

குழந்தைகளோடும் சக்கர நாற்காலியோடும் எந்தப் பாதை?

பலகைப் பாதை, அல்லது அமுக்கிய சரளைப் பாதை. போகும் முன் பூங்கா அலுவலகத்தில் மூன்று கேள்வி: பாதையின் குறைந்தபட்ச அகலம் என்ன, எங்கேனும் படி இருக்கிறதா, பலகைமேல் மணல் ஏறியிருக்கிறதா. மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. காற்றடித்த மறுநாள் பலகையின் மேல் ஒரு சாண் மணல் கிடந்தால் சக்கரம் அங்கேயே நின்றுவிடும்.

சங்கு, கிளிஞ்சல் எடுத்துப் போகலாமா?

பல பூங்காக்களில் சட்டமே தடுக்கிறது. தடை இல்லாத இடத்திலும் காலிச் சங்கு காலி அல்ல: முனிவன் நண்டு வளர வளர அடுத்த அளவுச் சங்குக்கு மாறியாக வேண்டும், கரையில் பெரியவை குறைந்தால் அது சிறியதிலேயே நெருக்கப்பட்டு வாழும். பாறைக்குட்டையில் கல்லைப் புரட்டிப் பார்த்தால், புரட்டிய கையோடு அதே பக்கமாகத் திரும்ப வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடிப்பக்கத்து உயிர்கள் வெயிலில் காயும், மேற்பக்கத்துப் பாசி இருட்டில் அழுகும்.